குதிரைக்குச் சுழி பார்க்கிறோம்... இ-சைக்கிளுக்கு என்ன பார்ப்பது?

ஆடி பிறந்துவிட்டால் அந்தியூர்ப் பக்கம் ஒரே பேச்சுதான். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவும், அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும்! வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்று எங்கிருந்தெல்லாமோ குதிரைகள் வந்து இறங்கும். திப்பு சுல்தானுக்கே இங்கிருந்துதான் குதிரை போனது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வாங்க வருகிறவர் முதலில் சுழி பார்ப்பார். பல்லைப் பார்த்து வயதைக் கணக்கிடுவார். கடைசியாக, “கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க” என்பார். நிற்கிற குதிரைக்கு யாரும் முழுப் பணம் எண்ணிக் கொடுத்ததில்லை.

இதே மனிதர், காலேஜ் போகும் மகளுக்கோ முழங்கால் வலிக்கும் மனைவிக்கோ ஒரு இ-சைக்கிள் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பளபளவென்று ஸ்டாண்டு போட்டு நிற்கிறது வண்டி. ஹேண்டில் பாரில் குட்டித் திரை. “எல்லாமே எலெக்ட்ரானிக்குங்க. பட்டனைத் தட்டினா போதும்” என்கிறார் விற்பனையாளர். கடைக்குள்ளேயே இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, கார்டைத் தேய்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ‘இது நடுவழியில் நின்றால் யார் சரி செய்வார்?’ என்ற கேள்வி, வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் எட்டிப் பார்க்கிறது.

அந்தக் கேள்வியில் ரொம்பவே சிக்கலான பகுதி, கியர். அதிலும் கம்பி இல்லாமல், மின்சாரத்தில் மாறும் எலெக்ட்ரானிக் கியர். ஐரோப்பாவில் இ-சைக்கிள்களோடு சேர்ந்து பரவிவிட்ட இந்தத் தொழில்நுட்பம், நம் ஊரில் விலை உயர்ந்த வண்டிகளில் மட்டும் தலைகாட்டுகிறது. அது எங்கே சொதப்புகிறது, ஏன் சொதப்புகிறது என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் பிறகு கையைப் பிசைய வேண்டியிருக்காது.

குதிரைக்கும் கியர் உண்டு

1981-ல் ஹாய்ட், டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் குட்டையான சில குதிரைகளை டிரெட்மில்லில் பழக்கினார்கள். நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் என ஒவ்வொன்றிலும் குதிரை எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று அளந்தார்கள். தன் விருப்பத்துக்கு விட்டால், எந்த வேகத்துக்கு எந்த நடையில் செலவு குறைவோ அதைத்தான் குதிரை தேர்ந்தெடுத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வேகம் கூடும்போது தானாகவே கியர் மாற்றிக்கொண்டது.

மனிதக் காலுக்கும் இதே கதைதான். நிமிடத்துக்கு அறுபது, எழுபது சுற்று மிதிப்பது பெரும்பாலானவர்களுக்குச் சுகமாக இருக்கும். மேடு வந்தால் அந்தச் சுற்று குறைந்து முழங்காலில் பாரம் ஏறுகிறது. அப்போது பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றினால், வேகம் குறைந்தாலும் கால் அதே சுகத்தில் சுற்றும். கியர் என்பது அவ்வளவுதான். அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் இது கிடையாது. மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதுதான் அதற்கு கியர்!

கியர் வைத்த சைக்கிளில் ஹேண்டில் பாரில் ஒரு லீவர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பி ஒரு குழாய்க்குள் ஓடி, பின்சக்கரத்துக்கு அருகே தொங்கும் டிரெயிலர் என்ற சின்னக் கையை இழுக்கும். அந்தக் கை செயினைப் பக்கவாட்டில் தள்ளும். கம்பியைத் தளர்த்தினால் ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒரு ‘க்ளிக்’ சத்தத்துக்குச் சரியாக ஒரு பல்சக்கரம் என்ற முறையை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது. இன்றைக்கும் உலகில் கோடிக்கணக்கான சைக்கிள்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

இந்தக் கம்பிக்கும் வியாதிகள் உண்டு. புதுக்கம்பி கொஞ்ச நாளில் இளகும். மழைத் தண்ணீர் குழாய்க்குள் போய்த் துருப்பிடிக்கும். கடைசியில் ஒருநாள் பட்டென்று அறுந்துபோகும். ஆனால், இவை எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வியாதிகள். எந்தச் சைக்கிள் கடையிலும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துத் தீர்க்கக்கூடியவை.

மோட்டார் வந்ததும் செயினுக்கு வந்த சோதனை

சாதாரணமாக சைக்கிள் மிதிக்கிறவரின் கால் தொடர்ந்து தருகிற சக்தி 100 வாட்டை ஒட்டி இருக்கும். கியர் மாற்றும்போது நம்மையறியாமல் மிதியை ஒரு கணம் இலகுவாக்குவோம். அந்த ஒரு கணத்தில் செயின் நோகாமல் தாவிவிடும்.

இ-சைக்கிளில் இரண்டு வகை. மோட்டார் பின்சக்கரத்தின் ஹப்பிலேயே இருப்பது ஒன்று. அது சக்கரத்தை நேரடியாகச் சுற்றுவதால், செயினில் நம் கால் பலம் மட்டும்தான் ஓடும். இன்னொன்று, பெடல் அச்சிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும் ‘மிட் டிரைவ்’. கால் பலமும் மோட்டார் பலமும் சேர்ந்து ஒரே செயின் வழியாகப் போகும். பெயரளவில் 250 வாட் என்றாலும், நல்ல மோட்டார்கள் மேட்டில் சில நிமிடங்களுக்கு 500 வாட்டையும் தாண்டித் தள்ளும். அந்த முழு பலத்தில் கியர் மாற்றினால் செயின் ‘டமார்’ என்று தாவும். பல்சக்கரம் சீக்கிரம் தேயும். சில நேரம் செயினே அறுந்துவிடும். கியர் முழுவதும் ஹப்புக்குள் மூடியிருக்கும் வகையில் இன்னும் விசேஷம். பாரம் இருக்கும்போது பட்டனை எத்தனை தட்டினாலும் அது மாறவே மாறாது.

தீர்வு, மோட்டாரும் கியரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது. ‘இப்போ கியர் மாத்தப் போறேன், கொஞ்சம் கையை எடு’ என்று கியர் சொல்ல வேண்டும். மோட்டார் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பலத்தைக் குறைக்க வேண்டும். கம்பிக்குப் பேசத் தெரியாது. மின்சாரத்துக்குத் தெரியும். 2014-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ‘இ-ஷிஃப்ட்’ என்ற பெயரில் மோட்டாரையும் எலெக்ட்ரானிக் கியரையும் இப்படி இணைத்துக் காட்டியது. ஷிமானோவும் தன் மோட்டார்களில் அதையே செய்தது. சிக்னலில் நின்றதும் தானாக இலகுவான கியருக்கு இறங்கிக்கொள்வது, மிதிக்காமல் உருளும்போதே கியர் மாறுவது என வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. எலெக்ட்ரானிக் கியர் இ-சைக்கிளுக்கு வந்ததற்கு உண்மையான காரணம் இருக்கிறது. வெறும் ஃபேஷன் என்று ஒதுக்க முடியாது.

பந்தயத்தில் நம்பலாம், பாதையில்?

கியரில் மின்சாரத்தை நுழைக்கும் ஆசை பழையது. பிரான்ஸின் மாவிக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் ‘ஜாப்’ என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1999-ல் ‘மெக்ட்ரானிக்’ என்று கம்பியே இல்லாத ஒன்றையும் விட்டது. காலத்தை மீறிய கற்பனை என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால், நம்பி ஓட்ட முடியவில்லை. இரண்டுமே சந்தையில் நிலைக்காமல் காணாமல் போயின. 2009-ல் ஷிமானோவின் ‘டிஐ2’ வந்தபோதுதான் எலெக்ட்ரானிக் கியர் உருப்படியாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2015-ல் அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் முழுக்க ரேடியோ அலையில் இயங்குவதைக் கொண்டுவந்தது.

இன்று டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கம்பி கியரோடு வருபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த அளவுக்குத் துல்லியம். கம்பி இளகும் பிரச்னையே இல்லை. ஆயிரம் முறை தட்டினாலும் அதே இடத்தில் போய் நிற்கும். ஆனால், அந்த வீரர்களுக்குப் பின்னால் ஒரு கார் வருகிறது. காரின் கூரையில் மாற்றுச் சைக்கிள்கள், உள்ளே மெக்கானிக்! அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் தாண்டி, காட்டுக்குள் வளைந்து வளைந்து பர்கூர் மலைக்கு ஏறுகிறவருக்குப் பின்னால் எந்தக் காரும் வராது. யானை வேண்டுமானால் வரலாம்.

அந்த மலைப்பாதையில் எலெக்ட்ரானிக் கியர் மக்கர் செய்தால் என்ன ஆகும்? கியர் கடைசியாக எதில் இருந்ததோ அதிலேயே நின்றுவிடும். சமவெளியில் வேகமாக வந்த கனமான கியரில் மாட்டிக்கொண்டால், இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

எங்கே, எப்படிச் சொதப்பும்?

முதல் வில்லன், பேட்டரி. ஸ்ராம் வகையில் டிரெயிலரிலேயே தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கும். சார்ஜ் செய்ய மறந்தால் கியர் நின்றுபோகும். பெரிய பேட்டரியிலிருந்தே கியருக்கும் மின்சாரம் எடுக்கும் வண்டிகளில், மோட்டாருக்கு சார்ஜ் தீர்ந்த பிறகும் கியருக்கும் விளக்குக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், சார்ஜ் போடுவதற்காக பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போய்விட்டு, ‘பக்கத்துத் தெருவுக்குத்தானே’ என்று வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு போனால் கியரும் வேலை செய்யாது. முதல்முறை இது நடக்கும்போது பலரும் வண்டி கெட்டுப்போய்விட்டதாகவே நினைத்துவிடுவார்கள்.

அடுத்தது, தண்ணீர். மழை பெரிய எதிரி இல்லை. மழைக்குத் தாங்கும்படிதான் செய்கிறார்கள். எதிரி, ‘வாட்டர் சர்வீஸ்’! பைக்குக்கு அடிக்கிற அதே வேகத்தில் இ-சைக்கிளுக்கும் தண்ணீர் பீய்ச்சினால், ரப்பர் சீலைத் தாண்டி இணைப்புகளுக்குள் ஈரம் இறங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில வாரங்கள் கழித்து இணைப்பு முள்ளில் பச்சை பூத்து, கியர் ஒருநேரம் மாறும், ஒருநேரம் மாறாது. கண்டுபிடிக்க ரொம்பவே சிரமமான பழுது இதுதான். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் அடம்பிடிக்கும். ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

மூன்றாவது, அடி. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால், ஷிமானோ டிஐ2 டிரெயிலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டாரின் பிடியை விட்டுவிடும். உள்ளிருக்கும் பல்சக்கரம் உடையாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. பல மாடல்களில், குறிப்பிட்ட பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பெடலைச் சுற்றினால் பழையபடி உயிர் பெறும். இதைத் தெரியாமல் புது டிரெயிலர் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் தண்டம். இன்னொரு பக்கம், விழுந்ததில் டிரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு வளைந்திருந்தால், எந்த எலெக்ட்ரானிக்ஸும் உதவாது. அது கம்பி கியருக்கும் மின்சார கியருக்கும் பொதுவான நோய். ‘சென்சார் போச்சுங்க’ என்று யாராவது சொன்னால், வண்டிக்குப் பின்னால் குனிந்து நின்று அந்தத் துண்டு நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயின் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவது, கோளாறே இல்லாத கோளாறு. ஷிமானோ மோட்டார் வைத்த வண்டியில் பெடலின் மேல் கால் வைத்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டால், கால் அழுத்தத்தை அளக்கும் சென்சார் குழம்பி எச்சரிக்கை காட்டும். காலை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பதற்றத்தில் இருப்பவருக்குத் திரையில் தெரியும் எண் மட்டும் போதுமா? ‘காலை எடு’ என்று தமிழில் சொன்னால்தானே புரியும்!

ஐந்தாவதுதான் ரொம்பப் புதுசு. சாஃப்ட்வேர். கியர் மாறும் வேகம், மோட்டார் எவ்வளவு நேரம் இளக வேண்டும் என்பதெல்லாம் இப்போது நிரல்கள். அவற்றைப் புதுப்பிக்க நிறுவனத்தின் ஆப் வேண்டும். சில வேலைகளுக்கு டீலரின் கம்ப்யூட்டர் வேண்டும். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நார்த் ஈஸ்டர்ன், கலிஃபோர்னியா சான்டியாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். ஷிமானோவின் கம்பியில்லா கியரின் ரேடியோ சிக்னலைப் பதிவுசெய்து, 10 மீட்டர் தூரத்திலிருந்து மறுபடி ஒலிபரப்பி, அடுத்தவர் வண்டியின் கியரை மாற்ற முடிந்தது. ஷிமானோ உடனே சாஃப்ட்வேரைத் திருத்திக் கொடுத்தது. பர்கூர் மலையில் யாரும் நம் கியரை ஹேக் செய்யப்போவதில்லை, உண்மைதான். ஆனால், சைக்கிளுக்கும் ‘அப்டேட்’ போட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது

இந்த ஐந்தையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது வண்டிக்குள் இல்லை. வண்டியைச் செய்த நிறுவனத்துக்குள் இருக்கிறது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு சகோதரர்கள் 2009-ல் தொடங்கிய நிறுவனம் வான்மூஃப். 2020-ல் அவர்கள் விட்ட எஸ்3, எக்ஸ்3 என்ற இ-சைக்கிள்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. கம்பியோ லீவரோ கண்ணில் படாது. நான்கு கியரும் பின் ஹப்புக்குள். வேகத்தைப் பார்த்து சாஃப்ட்வேரே கியரை மாற்றும். எந்த வேகத்தில் மாற வேண்டும் என்று போனிலேயே சொல்லலாம். விலை ஏறக்குறைய 2,000 யூரோ. நிறுவனம் சரிவதற்குள் அதன் வாடிக்கையாளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர் ஆகிவிட்டார்கள்.

அந்த ‘இ-ஷிஃப்ட்டர்’தான் வண்டியின் பெருமை. பலருக்கு அதுவே தலைவலியும் ஆனது. ஒரு கியரிலேயே மாட்டிக்கொள்வது, மிதிக்கும்போது ‘கடக்’ என்று நழுவுவது, கியர் எதில் இருக்கிறது என்றே வண்டிக்குத் தெரியாமல் போவது என உரிமையாளர்களிடம் புகார் மேல் புகார். பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனால் கைவிரித்தார்கள். சைக்கிளுக்குப் பெயர்போன நாட்டில், மூலைக்கு மூலை சைக்கிள் கடை இருக்கும் ஊரில் இந்தக் கதை! காரணம், அந்த உதிரி பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்காது. எல்லாம் வான்மூஃப் தனக்கென்று செய்துகொண்டவை. வாரன்டியில் இலவசமாகச் சரி செய்து கொடுத்த செலவு நிறுவனத்தின் பெரிய சுமைகளில் ஒன்றானது.

2023 ஜூலை 17-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் வான்மூஃப் திவாலானதாக அறிவித்தது. சர்வீஸுக்கு விட்ட வண்டிகள் பூட்டிய கடைகளுக்குள் மாட்டிக்கொண்டன. வண்டியைத் திறக்கும் டிஜிட்டல் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. சர்வர் அணைந்தால் சாவியும் போகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த போட்டி நிறுவனமான கௌபாய், அவசர அவசரமாக ஓர் ஆப்பைச் செய்து, ‘சீக்கிரம் உங்கள் சாவியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மக்களிடம் கொடுத்தது. சில வாரங்களில் லாவோய் என்ற நிறுவனம் வான்மூஃபை வாங்கியதால் சர்வர் தப்பித்தது. அதற்குள் எத்தனையோ பேர், 2,000 யூரோ சைக்கிளை வீட்டுக்குள் வைத்துவிட்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கியர் கம்பி அறுந்ததற்காக எந்த சைக்கிளும் இப்படிக் கிடந்ததில்லை.

இங்கே என்ன கிடைக்கிறது?

அந்தியூரிலோ பவானியிலோ ஈரோட்டிலோ முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் இ-சைக்கிள்களில் பெரும்பாலானவை ஹப் மோட்டார் வகை. கியர் இருந்தால் அது கம்பியில் இயங்கும் 7 கியர். சிலவற்றில் கியரே கிடையாது. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்டது என்பதால் லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம். செயினில் மோட்டார் பாரம் ஓடாததால் கம்பி கியரே தாராளமாகப் போதும். எலெக்ட்ரானிக் கியர் செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு இ-சைக்கிளே வாங்கிவிடலாம்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். திரையில் 1 முதல் 5 வரை எண் காட்டும். அதைத்தான் பலரும் ‘எலெக்ட்ரானிக் கியர்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சில விற்பனையாளர்களும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அது கியர் அல்ல. மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்ற அளவு மட்டும்தான். கியர் என்பது பல்சக்கரம். சார்ஜ் தீர்ந்ததும் அந்த எண்கள் மறைந்துவிடும். கம்பி கியர் அப்போதும் வேலை செய்யும். கியரே இல்லாத வண்டியில் சார்ஜ் தீர்ந்தால் மிதிக்கிற கஷ்டம் வேறு. வீடு மேட்டுப் பக்கமாக இருக்கிறவர்கள், ஐந்து லெவல் இருக்கிறது என்று சொன்னவுடனே மயங்கிவிடாமல், பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

மிட் டிரைவ் வண்டி வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு எலெக்ட்ரானிக் கியரில் உண்மையாகவே பலன் உண்டு. செயின் ஆயுள் கூடும், மேட்டில் கியர் மிருதுவாக மாறும். கோவை மாதிரி நகரத்தில் சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருந்தால் தயங்க வேண்டியதில்லை. சென்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு இப்போதைக்கு கம்பிதான் நல்லது. கம்பி கியரோடு மிட் டிரைவ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. கியர் மாற்றும் முன் பிரேக் லீவரை லேசாகத் தொட்டால், அதில் கட் ஆஃப் ஸ்விட்ச் இருக்கும் வண்டிகளில் மோட்டார் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கியரை மாற்றிவிடலாம். எலெக்ட்ரானிக் கியர் பல ஆயிரம் ரூபாய்க்குச் செய்வதை விரல் நுனி இலவசமாகச் செய்கிறது!

கொங்கு மண்ணுக்கு மின்சார வண்டி புதிதல்ல. ஹேமலதா அண்ணாமலை கோவையில் ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கியது 2008-ல். மின்சார ஸ்கூட்டர்களோடு மின்சார சைக்கிள்களையும் அது விற்றது. 2018-ல் கிரீவ்ஸ் காட்டன் அதை வாங்கியது. மோட்டார் பம்புக்குப் பெயர்போன ஊரில், மின்சார வண்டியின் மோட்டாரை அவிழ்த்து மாட்டக்கூடிய கைகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கைகளுக்குக் கிடைக்காதது உதிரி பாகமும் சாஃப்ட்வேர் அனுமதியும்தான். ஒரு இணைப்பு முள்ளை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கால், ‘இந்தப் புதுப் பாகத்தை ஏற்றுக்கொள்’ என்று வண்டியின் மூளைக்குச் சொல்ல முடியாது. பஞ்சர் ஒட்டி, கம்பி மாற்றிப் பிழைக்கும் சைக்கிள் கடைக்காரரின் வருமானத்திலும் இது கை வைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல், இ-சைக்கிள் பேட்டரியை நிறுவனத்தைச் சாராத மெக்கானிக்கும் கழற்றி மாற்றும்படி செய்திருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். இந்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது விவசாயக் கருவி, செல்போன் முதலான மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு பிரிவுகளை எடுத்துக்கொண்டது. சைக்கிளுக்குத் தனிப் பிரிவு இல்லை. அதுவரை வாடிக்கையாளரின் ஆயுதம் பில்லும் வாரன்டி கார்டும்தான். வாரன்டி காலத்தில் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம்.

கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

சந்தையில் ‘ஓட்டிக் காட்டுங்க’ என்று கேட்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. சைக்கிள் கடையிலும் கூச்சம் வேண்டாம். அருகில் மேடு எங்கே என்று விசாரித்து, ஏறும்போதே கியரை மாற்றிப் பாருங்கள். செயின் நழுவுகிறதா, மோட்டார் இளகிக் கொடுக்கிறதா என்று காலுக்கே தெரிந்துவிடும். கியர் உதிரி பாகம் எந்த ஊரிலிருந்து, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ‘வந்துருங்க’ என்ற பதில் போதாது; இதற்கு முன் யாருக்காவது வரவழைத்துக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆப் இல்லாமல் வண்டி ஓடுமா என்றும் ஒரு வார்த்தை.

கடைசியாக ஒன்று. பேட்டரியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை மிதித்து, கியரை மாற்றிப் பாருங்கள். மாறினால் சரி. மாறாவிட்டால், விற்பனையாளர் என்ன சொல்கிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். பணத்தை அதற்கப்புறம் எண்ணலாம்.